கேட்பதும் கேட்டதாகச் சொல்வதும்

சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒன்றரை மீட்டர் ஒயரை மாற்றினால் சங்கீதம் மாறுமா என்ற கேள்விக்கும் இந்தப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எலக்ட்ரிகல் கடையில் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டிய சமாசாரம்தான். ஆனால் மாறும் என்று சொல்கிறவர்கள் அதைக் கடைக்காரரின் பாஷையில் சொல்வதில்லை. நம்முடைய பாஷையில் சொல்கிறார்கள். "கேட்கத் தெரிந்த காதுக்குக் கேட்கும்." கவிதையைப் பற்றி, நாவலைப் பற்றி, சினிமாவைப் பற்றி இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை நாமும் சொல்லியிருக்கிறோம். இதைச் சொல்லாமல் விமர்சனமே இல்லை. பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றை ஒருவன் கவனிக்கிறான், அதைச் சொல்கிறான், அவன் சொல்வது மெய்யாகவும் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் சில நூறு பிரதிகள் அச்சாகும் பத்திரிகைகள் நிற்கின்றன. அதனால்தான் அந்த ஒன்றரை மீட்டர் ஒயர் என்னைத் தொந்தரவு செய்கிறது. அவர்கள் சொல்வது பிரமை என்றால், நாம் சொல்வது பிரமை இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய வால்வு ரேடியோக்களில் ஒயர் பெட்டிக்குள்ளிருந்தே வரும். மாற்ற வேண்டுமானால் பெட்டியைத் திறந்து பற்றவைக்க வேண்டும். பின்னால் வந்த சாதனங்கள் பலவற்றில் ஒயர் தனியாகக் கழன்று வருகிறது. ஒரு முனையில் சுவருக்கான ப்ளக், மறுமுனையில் கம்ப்யூட்டருக்கும் பொருந்துகிற மூன்று துவாரக் கட்டை. கழற்ற முடிகிற எதையும் மாற்றலாம். மாற்ற முடிகிற எதையும் விற்கலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் பவர் கார்டு தனி வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. சாதனத்தோடு இனாமாக வரும் கறுப்பு ஒயருக்குப் பதிலாக, நூற்றுக்கணக்கான டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர்வரை விலையுள்ள ஒயர்கள் கிடைக்கின்றன. வெள்ளி முலாம் பூசிய செம்பு, விசேஷமான பின்னல், ரோடியம் பூசிய முனைகள். சிலது மலைப்பாம்பு தடிமன். இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் கையாளும் சொற்கள் இன்னும் சுவாரஸ்யமானவை. திரை விலகுகிறது என்கிறார்கள். பின்னணி மேலும் கறுப்பாகிறது என்கிறார்கள். வாத்தியங்களுக்கு நடுவே காற்று புகுகிறதாம். கவிதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையிலிருந்து பிய்த்தெடுத்தவை போல இருக்கின்றன.

இனி ஒயர் உண்மையில் செய்யும் வேலை. சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தில் சங்கீதத்தின் சாயல்கூடக் கிடையாது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், வினாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னுமாக ஆடும் ஓட்டம். வழக்கமான ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் அதன் வோல்டேஜைக் குறைக்கிறது. டையோடுகள் அதை ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. பெரிய கண்டென்சர்கள் அதை வாங்கித் தேக்கிவைத்துக்கொள்கின்றன. வினாடிக்கு 100 தடவை இந்தத் தொட்டி நிரம்புகிறது. டேப்பிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ வரும் மெல்லிய ஸிக்னல் தொட்டியின் மதகைத் திறந்து மூடுகிறது. ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது தொட்டித் தண்ணீர். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒயர், தொட்டிக்கு வரும் குழாயின் கடைசி ஒன்றரை மீட்டர். அதற்கு முன்னால் சுவருக்குள் புதைந்த ஒயர், மீட்டர், தெருக் கம்பம், பேட்டையின் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் எத்தனையோ கிலோமீட்டர் அலுமினியக் கம்பி.

கணக்காகவும் சொல்லலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாதாரணச் செப்பு ஒயர், ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் போகவர மூன்று மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.05 ஓம். ஒரு ஆம்பியர் ஓடும்போது அதில் இழப்பது ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு. கண்டென்சர்கள் குபீரென்று இழுத்துக்கொள்ளும் கணங்களில் இது சில மடங்கு ஆகலாம். ஆகட்டும். தெருவில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்டால் அதைவிட அதிகமாக வோல்டேஜ் இறங்கி ஏறுகிறது. ஒழுங்காக வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர் அதைச் சட்டை செய்வதில்லை. தடிமனான ஒயர் போட்டு அந்த இருபதில் ஒரு பங்கை மிச்சப்படுத்தலாம். மிச்சப்படுத்தியதை யார் கேட்பது?

மின்சாரத்தால் சங்கீதம் கெடுவதே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. தாராளமாகக் கெடும். ப்ளக் சாக்கெட்டில் லொடலொடத்தால் பொறி பறக்கும், ஸ்பீக்கர் படபடக்கும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ரேடியோவில் கரகரக்கும். இரண்டு சாதனங்கள் வெவ்வேறு சாக்கெட்டுகளில் தனித்தனியாக எர்த் ஆகி, நடுவே ஸிக்னல் ஒயரும் அவற்றை இணைத்தால் ஒரு வளையம் உண்டாகிவிடுகிறது. அப்போது ஸ்பீக்கரில் ஓயாத உறுமல். இந்த உறுமலுக்கு ஸ்ருதியும் உண்டு. வினாடிக்கு 50 அதிர்வு என்பது ஒரு கட்டை ஸ்ருதியில் மந்தரத்துக்கும் கீழே விழும் பஞ்சமத்துக்குக் கிட்டத்தட்ட, ஆனால் அதைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கிறது. ஒரு கட்டையில் பாடுகிறவருக்குப் பின்னால் பஞ்சமம் ஏறிப்போன ஒரு தம்புராவை யாரோ விடாமல் மீட்டுகிற மாதிரி. இதைக் கண்டுபிடிக்க சங்கீத ஞானம் வேண்டாம். வாசலில் நிற்கிற தபால்காரருக்கும் கேட்கும். மெய்யான மின்கோளாறு கேட்கத் தெரிந்த காதுக்காகக் காத்திருப்பதில்லை.

அதற்குப் பரிகாரமும் ஆயிரம் டாலர் இல்லை. எல்லாச் சாதனங்களையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் செருகலாம், தளர்ந்த சாக்கெட்டை மாற்றலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கலாம். (எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு உறுமல் நின்றது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.) நம் வீடுகளில் சங்கீதத்துக்கு முதல் எதிரி அறைதான். ஸிமென்ட் சுவர், மொஸைக் தரை, திரையில்லாத ஜன்னல். தரையில் ஒரு கனத்த ஜமக்காளத்தை விரித்துப்பாருங்கள். பாட்டின் சொற்கள் தெளிவதைக் குழந்தையும் சொல்லும்.

தர்க்கத்தை அதன் கடைசிவரை கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு முதியவர் தன் ஸ்டீரியோவுக்கு மாத்திரம் மின்சாரம் வருவதற்காகச் சொந்தத்தில் ஒரு மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நட்டுக்கொண்டார் என்று 2016இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. செலவு சுமார் 10,000 டாலர். சிரிப்பதற்காகவே பலர் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அவர்மீது ஒரு மரியாதை உண்டு. பல கிலோமீட்டர் கம்பியை விட்டுவிட்டுக் கடைசி ஒன்றரை மீட்டரில் மோட்சம் தேடுகிறவனைவிட அவர் நேர்மையானவர். அண்டை வீட்டுக் குளிர்பெட்டியின் இரைச்சல் தன் மின்சாரத்தில் கலக்கக்கூடாது என்றால், டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக்குவதற்குக் காரணமாவது சொல்ல முடியும். அப்படித் தனியாக்கியது அவர் காதுக்கு எட்டியதா என்பது வேறு கேள்வி.

கேட்கிறதா இல்லையா என்பதைச் சோதிக்க வழி இருக்கிறது. முதலில் 'அ'வைக் கேட்க வேண்டும், பிறகு 'ஆ'வை. அதன்பின் இரண்டில் ஒன்று மறைவாக ஒலிக்கும். அது எது என்று சொல்ல வேண்டும். பல தடவை. 2004இல் சான்ஃப்ரான்ஸிஸ்கோ பகுதியில் ஆடியோ ரசிகர்கள் கூடி பவர் கார்டுகளை இப்படிச் சோதித்தார்கள். ஒரு பக்கம் மிக விலை உயர்ந்த நார்டோஸ்ட் ஒயர், மறுபக்கம் சாதாரண ஒயர். எல்லோரும் சேர்ந்து சொன்ன 149 விடைகளில் சரியானவை 73. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய இதுதான் வந்திருக்கும்.

இதோடு கட்டுரையை முடித்துவிடலாம். வாங்காதீர்கள் என்று ஒரு வரி. ஆனால் எனக்கு இதில் ஒரு நண்பர் சம்பந்தப்பட்டிருக்கிறார்.

நாற்பது வருஷமாகச் சங்கீதம் கேட்பவர். 1984இல் மறைந்த எம்.டி. ராமநாதனின் கச்சேரிகளை யார் யாரோ டேப்பில் பிடித்ததெல்லாம் அவரிடம் இருக்கிறது, இருமல் சத்தத்தோடும் நாற்காலி இழுக்கும் சத்தத்தோடும். அவருடைய மைத்துனர் அமெரிக்காவிலிருந்து அப்படி ஒரு ஒயர் கொண்டுவந்து கொடுத்தார். "வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை" என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். சொல்லப் போறதில்லை என்றவர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ராமநாதன் ஒரு சொல்லைப் பாடி நிறுத்தி அடுத்ததற்கு வெகுநேரம் எடுத்துக்கொள்கிற இடம். "அந்த நிறுத்தத்துக்குள்ளே தம்புரா எப்படி மேலே வருது பாருங்க. மூச்சு வாங்கறது கேட்கறது. முன்னே இது இல்லை." கேட்டேன். தம்புரா வந்தது. மூச்சு கேட்டது.

சோதனை யோசனை அவருடையதுதான். அவர் மனைவி நாணயத்தைச் சுண்டி, நாங்கள் கூடத்துக்குப் போனபின் ஒயரை மாற்றியோ மாற்றாமலோ பின்பக்கத்தைத் துணியால் மூடிவிடுவார். பத்து தடவை. நண்பர் ஆறு தடவை சரியாகச் சொன்னார். பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் என்பது வெறும் நாணயத்துக்கே மூன்றில் ஒரு தடவைக்கு மேல் வாய்க்கும் என்பது அவருக்குத் தெரியும், கணக்கு வாத்தியாராக இருந்தவர். சற்று நேரம் பேசாமல் இருந்தார். காபி வந்தது. அவர் மனைவிதான் பேசினார். "ஒயர் வந்தப்புறம்தான் இவர் பேப்பரைக் கீழே வச்சுட்டுப் பாட்டுக் கேட்கிறார்."

அன்று கேள்விப்பட்டவற்றுள் மிக உண்மையான வாக்கியம் இது என்று எனக்குப் பட்டது. நண்பர் கேட்டது பொய்யே அல்ல. தம்புரா டேப்பில் இருந்தது. மூச்சும் இருந்தது. பத்துத் தடவையும் இருந்தது, இரண்டு ஒயரிலும். முன்பு காதில் விழுந்ததற்கும் இப்போது கேட்டதற்கும் நடுவே மாறியது அவருடைய கவனம். விலை உயர்ந்த ஒன்று வீட்டுக்குள் வந்ததும் கவனம் விழித்துக்கொண்டது. அதற்கான நன்றியை அவர் ஒயருக்குச் செலுத்தினார். கேட்டது மெய். எதனால் கேட்டது என்று சொன்னதுதான் நிற்கவில்லை.

ரசனையைப் பற்றிய எந்தச் சாட்சியத்திலும் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன என்று நினைக்கிறேன். 'இங்கே இது இருக்கிறது' என்பது ஒன்று. 'இன்னதால் இருக்கிறது' என்பது மற்றது. வயலின்காரர்கள் விஷயத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 2010இல் இன்டியானாபோலிஸில் 21 வயலின் வித்வான்களின் கண்ணை மறைத்து ஆறு வயலின்களை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று புதியவை. மற்றவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னெரி. 2012இல் முடிவு வெளியானது. அதிகம் பேர் விரும்பியது ஒரு புது வயலின். எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்றது ஒரு ஸ்ட்ராடிவாரி. வித்வான்களுக்குக் காது இல்லை என்று இதற்கு அர்த்தம் பண்ணக்கூடாது. வயலினுக்கு வயலின் வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. பிடித்தது, பிடிக்காதது என்று திட்டமாகச் சொன்னார்கள். அவர்கள் காதில் விழுந்த வித்தியாசத்தின் மேல் அந்தப் பழைய பெயர் வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான்.

இலக்கியத்தில் இந்தச் சோதனை வெகுகாலத்துக்கு முன்பே நடந்துவிட்டது. கேம்ப்ரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிதைகளைப் பெயர் நீக்கி மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். விளைவுகளை 1929இல் 'ப்ராக்டிகல் க்ரிடிஸிஸம்' என்று புத்தகமாக்கினார். ஜான் டன்னும் ஹாப்கின்ஸும் அதில் உண்டு, இன்று யாரும் பெயர் சொல்லாத கவிஞர்களும் உண்டு. மாணவர்களின் தீர்ப்புகள் தலைகீழாகவும் தாறுமாறாகவும் வந்தன. ரிச்சர்ட்ஸ் இதிலிருந்து கவிதைக்குக் கவிதை வித்தியாசமில்லை என்று முடிவு கட்டவில்லை. பெயரின் துணையில்லாமல் வரிகளோடு தனியாக இருக்க நாம் பழகவில்லை என்று கண்டார். பிற்பாடு வரிக்கு வரி நெருங்கிப் படிக்கிற விமர்சனம் என்று வளர்ந்தது இந்த அவமானத்தில்தான் வேர்விட்டது.

ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அது லேசானதல்ல. சோதனை என்ற மாத்திரத்தில் மனசு இறுகிவிடுகிறது, பரீட்சை எழுதுகிறவன் ரசிப்பதில்லை, நல்ல கவிதை பத்து வருஷம் கழித்துத் திறக்கிறது, அதை நாணயம் சுண்டி அளக்க முடியுமா? முடியாது. நண்பர் வீட்டில் ஒவ்வொரு தடவையும் ஒயரை மாற்ற ஆம்ப்ளிஃபயரை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் காதின் நினைவு கலைந்திருக்கலாம். ஆனால் முதலில் சொன்னது திரை விலகியது என்றல்லவா? இரண்டு நிமிஷத்தில் மறந்துபோகிற திரை எப்படிப்பட்ட திரை? அவகாசம்தான் வேண்டுமென்றால் எந்த ஒயர் என்று தெரியாதபடி மூடிவைத்துவிட்டு மாதக்கணக்கில் கேட்கலாம். நிதானமும் மறைவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆட்சேபம் சொல்கிறவருக்கு அவகாசம் தேவைப்படுகிறதா, அல்லது பெயர்ச்சீட்டு தேவைப்படுகிறதா என்பதை அவரே யோசிக்கட்டும்.

ஒயர்க்காரர்களுக்கும் விமர்சகனுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. விமர்சகன் சுட்டிக்காட்டுகிறான். இந்த வரி இங்கே ஏன் உடைகிறது பார், இந்த வினைமுற்று ஏன் தள்ளி வருகிறது பார் என்கிறான். நான் வரிக்குத் திரும்பிப் போகிறேன். அங்கே அது இருந்தால் எனக்கும் கிடைக்கிறது. இல்லாவிட்டால் அவனோடு சண்டை போடுகிறேன். இரண்டுக்கும் பிரதி பொதுவாக இருக்கிறது. நண்பர் தம்புராவைச் சுட்டிக்காட்டியபோது நல்ல விமர்சகராகவே இருந்தார். அதனால்தான் எனக்கும் அது கேட்டது. ஒயரைச் சுட்டிக்காட்டியபோது சுட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை, 'உனக்குக் காது போதாது' என்று மட்டுமே சொல்ல முடியும். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய பலரை எனக்குத் தெரியும், ஆடியோ உலகத்துக்கு வெளியிலும்.

நமது சூழலில் ஒயர்கள் குறைவில்லை. கவிதையின் அடியில் உள்ள பெயர் ஒரு ஒயர். அது வந்த பத்திரிகை ஒரு ஒயர். கவிஞர் யாருடைய சிஷ்யர், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் என்பது மலைப்பாம்பு தடிமன் ஒயர். இன்ன பெயர் இருந்தால் மௌனம் ஆழமாகிறது. அது இல்லாவிட்டால் அதே மௌனம் சரக்கு இல்லாமையாகிறது. இதை நான் யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் அலமாரியைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியருக்கு ஒரு யோசனை. ஒரு இதழில், ஒன்றே ஒன்றில், எல்லாக் கவிதைகளையும் பெயரில்லாமல் வெளியிடுங்கள். பிரபலமானவர், முதல் கவிதை அனுப்பியவர், நாமெல்லோரும் எழுதித் தள்ளிய ஒருவர், எல்லோரும் கலந்திருக்கட்டும். இந்த வட்டத்தில் இருப்பவர்கள் அவற்றைப் பற்றி எழுதட்டும். யார் எழுதியது என்று ஊகிக்கிற விளையாட்டு வேண்டாம். வரியில் என்ன இருக்கிறது என்று மட்டும். வந்த விமர்சனங்களையெல்லாம் வெட்டாமல் அடுத்த இதழில் போட்டுவிட்டு, அதற்கும் அடுத்ததில் பெயர்களை வெளியிடுங்கள். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம், நடையே காட்டிக்கொடுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். காட்டிக்கொடுக்கட்டும். வரிக்குள்ளிருந்தே ஒரு பெயரைப் படித்தெடுக்க முடிந்தால் அதுவும் வாசிப்புத்தான். அந்த இதழுக்கு என் கட்டுரையை இப்போதே ஒப்புக்கொள்கிறேன், பெயரோடு.